அச்சுக்கோத்தவர் ஜெங்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தால் 1735-ல் நியூயார்க்கில் நடந்த ஜெங்கர் வழக்கு கட்டாயம் வரும். ஆளுநரைக் குறைசொன்ன பத்திரிகையை அச்சிட்டதற்காக ஜெங்கர் மேல் அவதூறு வழக்கு போட்டார்கள். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் ஊர்க்காரர்கள் குழு, அவரை விடுவித்தது. வழக்கைத் தெரிந்தவர்கள் அதிகம். ஜெங்கர் என்ன தொழில் செய்தார், அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. அது தெரியாமல் வழக்கைப் படிப்பதால்தான் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் கேட்கிற விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஜெங்கர் ஜெர்மன்காரரா, அமெரிக்கரா? ஒரு இடத்துல ஒண்ணு, இன்னொரு இடத்துல வேற போட்டிருக்கே?

ஜான் பீட்டர் ஜெங்கர் பிறப்பால் ஜெர்மன்காரர். 1697-ல் ரைன் நதிக்கரையை ஒட்டிய பலாட்டினேட் பகுதியில் பிறந்தார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் அந்த மண்ணைப் பலமுறை சூறையாடியிருந்தன. அதற்கு மேல் 1708-09 குளிர்காலத்தின் கடும் உறைபனியில் திராட்சைக் கொடிகள் பட்டுப்போயின. 1709-ல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லண்டனுக்கு வந்து குவிந்தன. அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரை, புதிய ஆளுநர் ராபர்ட் ஹன்டரோடு 1710-ல் நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார்கள். 13 வயது ஜெங்கரும் அவர் குடும்பமும் அதில் இருந்தார்கள்.

அமெரிக்கா என்ற நாடு அப்போது கிடையாது. நியூயார்க் ஒரு பிரிட்டிஷ் காலனி. 1723-ல் அந்த நகரத்தில் தொழில் நடத்தும் உரிமையுள்ள ‘ஃப்ரீமேன்’ ஆனார். ஜெர்மன் குடியேறி, பிரிட்டிஷ் குடிமகன், நியூயார்க் நகரத்துத் தொழிலாளி என்று மூன்றாகவும் அவரைச் சொல்லலாம். எதுவும் தப்பில்லை.

13 வயசுப் பையனை அச்சகத்துல ஏன் விட்டாங்க? அடிமை மாதிரி வித்துட்டாங்களா?

விற்கவில்லை, ஆனால் பையனுடைய விருப்பத்தைக் கேட்டதாகவும் சொல்ல முடியாது. கப்பல்களில் காய்ச்சல் பரவி, பயணத்திலும் கரையிறங்கிய வாரங்களிலுமாக 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெங்கரின் தந்தையும் அந்தப் பயணத்தில் போய்விட்டார். ஹட்சன் நதிக்கரைப் பைன் மரங்களில் கடற்படைக்குத் தார் எடுக்க இந்த மக்களைக் கொண்டுவந்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வேலை நடக்காது என்று, ஆளுநர் நிர்வாகமே பல குழந்தைகளைக் கைத்தொழிலாளர்களிடம் ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்தது.

1710 அக்டோபரில் ஜெங்கர் வில்லியம் பிராட்ஃபோர்டிடம் 8 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டார். 1693-ல் நியூயார்க்கின் முதல் அச்சகத்தைத் தொடங்கியவர் அவர்தான். தொழில் பழகும் பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடு, துணி, படுக்க இடம், தொழில், இவ்வளவுதான் கிடைக்கும். ஓடிப்போனால் பிடித்து வந்து ஒப்படைக்கலாம். ஒப்பந்தம் முடிந்த அன்று அவர் சுதந்திரமானவர். அடிமைக்கு அந்த முடிவு நாள் கிடையாது. அதே நகரத்தில் உண்மையான அடிமைகளும் இருந்தார்கள் என்பதால் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

எட்டு வருஷம் அப்படி என்னத்தைக் கத்துக்கிட்டார்? எழுத்தை அடுக்குறதுக்கு எட்டு வருஷமா?

முதல் ஓரிரு ஆண்டுகள் எடுபிடி வேலை. தண்ணீர் சுமப்பது, காகிதம் நனைப்பது, அடித்து முடித்த ஈய எழுத்துகளைக் காரநீரில் கழுவுவது. பிறகு, கழுவிய எழுத்துகளைக் ‘கேஸ்’ என்ற, அறை அறையாகத் தடுத்த பெட்டியில் பிரித்துப் போடுவது. எந்த அறையில் எந்த எழுத்து என்பது கைக்கு ஏறுவது அப்போதுதான். மேல் கேஸில் பெரிய எழுத்துகள், கீழ் கேஸில் சின்ன எழுத்துகள். அதிகம் புழங்கும் ‘e’-க்குப் பெரிய அறை, கைக்கு நேராக.

அப்புறம்தான் அச்சுக்கோர்ப்பு. இடது கையில் ‘ஸ்டிக்’ என்ற, வரி அடுக்கும் சிறு தட்டைப் பிடித்து, வலது கையால் எழுத்தை எடுத்து, தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்கும். எல்லாப் பள்ளமும் ஒரே பக்கம் பார்த்தால் எழுத்து நேராக நிற்கிறது என்று அர்த்தம். இதைக் கண் பார்ப்பதில்லை, கட்டைவிரல் தடவிப் பார்க்கிறது. வரி முடிவில் சொற்களுக்கிடையே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகி, வரி இறுக்கமாக நிற்கும்படி செய்யவேண்டும். தளர்ந்த வரிதான் பின்னால் வரும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம். ஜெங்கருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அவர் கோத்ததெல்லாம் தாய்மொழி அல்லாத மொழியில்.

அந்தக் கால மர அச்சு இயந்திரம் எப்படி வேலை செஞ்சது? மோட்டாரும் இல்ல, உருளையும் இல்லையே?

இரண்டு ஆள் வேலை. ஒருவர் மை பூசுவார், மற்றவர் இழுப்பார். பக்கங்கள் இரும்புச் சட்டத்துக்குள் மரக்கட்டைகளும் ஆப்புகளும் வைத்து இறுக்கப்பட்டிருக்கும். நம் ஊர் அச்சகங்களில் ‘பாரம்’ என்றார்களே, அதேதான். ‘ஃபார்ம்’ என்ற ஆங்கிலச் சொல்தான் தமிழ்க் கம்பாசிட்டர்கள் வாயில் பாரமாகியிருக்கிறது.

மை பூச இரண்டு தோல் உருண்டைகள். ஆட்டுத்தோலுக்குள் கம்பளி மயிரை அடைத்து, மரக் கைப்பிடியில் ஆணியடித்தவை. ஆளி விதை எண்ணெயை நூலாக இழுபடும் வரை காய்ச்சி, விளக்குக் கரியைச் சேர்த்து அரைத்தது மை. எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் கட்டடத்துக்கு வெளியேதான் காய்ச்சுவார்கள். இரண்டு உருண்டைகளையும் ஒன்றோடொன்று உருட்டி மையைச் சமமாக்கி, பாரத்தின் மேல் ஒத்தி ஒத்தி எடுக்கவேண்டும். தேய்க்கக் கூடாது.

இழுப்பவர் நனைத்த தாளைத் தோல் பரப்பிய சட்டத்தில் வைப்பார். அச்சாக வேண்டிய இடங்களை மட்டும் வெட்டித் திறந்த மெல்லிய மூடுசட்டம் ஒன்று அதன்மேல் மடியும். ஓரங்களில் மை படாமல் அது காக்கும். இரண்டையும் பாரத்தின் மேல் கவிழ்த்து, கைப்பிடியைச் சுற்றி மேடையை உள்ளே தள்ளி, தடியை மார்புப் பக்கம் இழுத்தால் திருகு இறங்கி அழுத்தும். அழுத்தும் பலகை தாளில் பாதி அளவுதான். அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு இழுப்பு, தாளின் இரு பக்கத்துக்கும் நான்கு.

தாளை ஏன் நனைக்கணும்? மை பரவிடாதா?

பரவாது, எண்ணெய் மை தண்ணீரோடு கலக்காது. அன்றைய காகிதம் கந்தல் துணியில் செய்து, விலங்குப் பசையில் தோய்த்தது. காய்ந்திருந்தால் பலகை போல விறைப்பாக இருக்கும். அதில் அச்சடிக்க மையும் அதிகம் வேண்டும், இழுக்கும் பலமும் அதிகம் வேண்டும், எழுத்தும் சீக்கிரம் தேயும். முதல் நாள் மாலை, ஒரு கட்டுக் காகிதத்தில் சில தாள்களை நீரில் முக்கி, சில தாள்களை உலர்ந்தபடி விட்டு, மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பலகையும் கனமான கல்லும் வைத்துவிடுவார்கள். விடியும்போது ஈரம் எல்லாத் தாளுக்கும் ஒரே அளவாகப் பரவியிருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் பக்கம் அடித்த தாள் காய்வதற்குள் பின்பக்கத்தையும் அடித்துவிட வேண்டும். தாள் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் இரு பக்க வரிகளும் ஒன்றின் பின் ஒன்று பொருந்தாது.

ஒரு மணிக்கு எத்தனை தாள் அடிக்கலாம்? வாரப் பத்திரிகைக்கு அது போதுமா?

இரண்டு தேர்ந்த ஆட்களுக்கு மணிக்கு 250 தாள், ஒரு பக்கம் மட்டும், என்பது தொழிலில் பேசப்பட்ட கணக்கு. அது நல்ல நாளின் கணக்கு. 200 என்று வைத்துக்கொள்வது நியாயம். உதாரணமாக 300 பிரதி வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரம் இழுக்கவேண்டும். ஆக, நேரம் தின்பது இயந்திரம் அல்ல.

கோர்ப்பதுதான் நேரம் தின்கிறது. தேர்ந்த கைக்கு மணிக்கு 1,000 எழுத்து. நான்கு பக்கத்தில் 20,000 எழுத்து இருந்தால் 20 மணி நேரம். அதைப் பிரித்துப் போட இன்னும் 5 மணி நேரம். மெய்ப்புத் திருத்தம் தனி. திங்கட்கிழமை வரும் பத்திரிகைக்கு, போன வாரப் பாரத்தைச் செவ்வாய், புதனில் பிரித்தால்தான் அடுத்த வாரத்துக்கு எழுத்து கிடைக்கும். எழுத்துகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டியவை. சின்ன அச்சகத்தில் உபரி இருக்காது. இந்தச் சுழற்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிறை பற்றிய கேள்வியில் இது தேவைப்படும்.

அச்சுல என்னென்ன கோளாறு வரும்? பழைய இதழ்களைப் பார்த்தா அங்கங்க கறுப்புத் திட்டா இருக்கே?

கறுப்புத் திட்டு, மை அதிகமாக ஒத்தப்பட்ட இடம். ஆங்கில அச்சுக்காரர்கள் அதைத் ‘துறவி’ என்றும், மை படாமல் வெளிறிய இடத்தை ‘யாசகத் துறவி’ என்றும் கேலியாகச் சொன்னார்கள். இரண்டும் மை பூசுபவரின் குறை. தோல் உருண்டை விறைத்துப்போனாலும் இது வரும். விறைக்காமலிருக்க இரவில் அதைச் சிறுநீரில் ஊறவைப்பார்கள். அச்சகத்துக்குள் நுழைந்ததும் அடிக்கும் வாடைக்கு அதுவும் ஒரு காரணம்.

வரி ஓரம் பாதி வெட்டுப்பட்டிருந்தால் மூடுசட்டம் எழுத்தின் மேல் ஏறியிருக்கிறது. ஓர் எழுத்து மட்டும் காணவில்லையென்றால், தளர்ந்த வரியிலிருந்து மை உருண்டை அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. ‘n’ இருக்கவேண்டிய இடத்தில் ‘u’ இருந்தால் எழுத்து தலைகீழாக நிற்கலாம், அல்லது பிரித்தவர் அறை மாற்றிப் போட்டிருக்கலாம்.

பெரிய தவறு ஒன்று ஜெங்கரின் பத்திரிகையின் தலையிலேயே இருக்கிறது. ‘நியூயார்க் வீக்லி ஜர்னல்’ முதல் இதழ் வந்தது 1733 நவம்பர் 5. தாளில் அச்சாகியிருப்பது அக்டோபர் 5. முதல் இதழ், முதல் பக்கம், மாதமே தப்பு. அந்த ஒற்றைச் சொல்லால் சில புத்தகங்களில் தொடக்க நாள் இன்றைக்கும் தவறாகவே வருகிறது.

பிராட்ஃபோர்டுக்கும் இவருக்கும் சண்டையா? ஏன் தனியாப் போனார்?

சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று நினைப்பது வழக்கிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதால் வருகிற எண்ணம். ஒப்பந்தம் முடிந்தபின் ஜெங்கர் 1719-ல் திருமணம் செய்துகொண்டு, மேரிலாந்துக்குப் போய்ச் சட்டமன்றச் சட்டங்களை அச்சிடும் வேலை பார்த்தார். முதல் மனைவி மேரி இறந்துபோக, மகனோடு நியூயார்க் திரும்பினார். 1722-ல் அன்னா கேத்தரினா மௌலினை மணந்தார். 1725-ல் பழைய முதலாளியோடேயே கூட்டாக வேலை செய்தார். அடுத்த ஆண்டு தனிக் கடை வைத்தார்.

தனிக் கடை நன்றாக ஓடவில்லை. காரணம் எளிது. லாபமுள்ள வேலை அரசாங்க வேலைதான், அது பிராட்ஃபோர்டிடம் இருந்தது. 1725-ல் தொடங்கிய நகரத்தின் முதல் பத்திரிகையான ‘நியூயார்க் கெசட்’டும் அவருடையதே. ஜெங்கருக்கு மிஞ்சியவை மதச் சச்சரவுத் துண்டுநூல்களும் டச்சு மொழி வேலைகளும். 1730-ல் பீட்டர் வெனமாவின் டச்சுக் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டார். நியூயார்க்கில் அச்சான முதல் கணக்கு நூல் அது. நகரம் பிரிட்டிஷாரிடம் போய் அறுபது ஆண்டுக்கு மேலாகியும் டச்சு பேசும் குடும்பங்கள் நிறைய இருந்தன, அதனால் அந்த வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது.

வீக்லி ஜர்னலை ஜெங்கர்தானே எழுதினார்? ஆளுநரை எதிர்த்த தைரியசாலின்னு படிச்சோமே?

இல்லை. இந்த ஒரு தவறுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். ஜெங்கர் எழுதவில்லை, அச்சிட்டார். எழுத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் வழக்கறிஞர் ஜேம்ஸ் அலெக்சாண்டர், அவர் நண்பர் வில்லியம் ஸ்மித், பதவி இழந்த தலைமை நீதிபதி லூயிஸ் மோரிஸ் ஆகியோர். கட்டுரைகள் புனைபெயரில் வந்தன.

பகை தொடங்கியது பணத்தில். ஆளுநர் வில்லியம் காஸ்பி 1732-ல் வந்தார். அவர் வருவதற்கு முன் பொறுப்பில் இருந்த ரிப் வான் டாம் வாங்கிய சம்பளத்தில் பாதியைக் கேட்டார். ஜூரி இல்லாத நீதிமன்றத்தில் வழக்கை நடத்தப் பார்த்தார். மோரிஸ் அது செல்லாது என்றார். 1733-ல் காஸ்பி அவரை நீக்கிவிட்டு ஜேம்ஸ் டி லான்சியைத் தலைமை நீதிபதியாக்கினார். மோரிஸின் கருத்துரையை அச்சிட்டுக் கொடுத்தவர் ஜெங்கர். நகரத்தின் ஒரே பத்திரிகை ஆளுநர் கையில் இருந்ததால் எதிர்த்தரப்புக்கு இன்னொரு அச்சகம் வேண்டும். இருந்த இன்னொரு அச்சகம் ஜெங்கருடையது.

இதனால் அவர் தைரியம் குறைந்துவிடாது. எழுதியவர்கள் பெயரில்லாமல் இருந்தார்கள். தாளின் அடியில் அச்சான பெயர் ஜெங்கருடையது மட்டும்.

அப்ப எழுதினவங்களை விட்டுட்டு அச்சடிச்சவரை ஏன் பிடிச்சாங்க?

எழுதியவர் யார் என்று நிரூபிக்கவேண்டும். அச்சிட்டவர் யார் என்று தாளே சொல்கிறது. அன்றைய சட்டத்தில் அவதூறை வெளியிட்டவரும் எழுதியவருக்குச் சமமான குற்றவாளி. எழுதியவர்களின் பெயரை ஜெங்கர் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். கடைசிவரை சொல்லவில்லை.

இதில் மனதைத் தைக்கிற ஒரு விஷயம் உண்டு. பிராட்ஃபோர்டே இளமையில் இதே வகைக் குற்றச்சாட்டில் நின்றவர். 1692-ல் பிலடெல்பியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குள் நடந்த சண்டையில் ஒரு துண்டுநூலை அச்சிட்டதற்காகக் கைதாகி, அவதூறா இல்லையா என்பதை ஜூரிதான் முடிவு செய்யவேண்டும் என்று வாதாடினார். சாட்சியமாகக் கொண்டுவந்த பாரத்தை ஒரு ஜூரர் கைத்தடியால் தள்ளிப் பார்க்க, எழுத்துகள் சிதறிக் கொட்டிச் சாட்சியமே கலைந்துபோனது என்று அச்சுக்காரர்களிடையே ஒரு கதை உண்டு. நடக்கக்கூடியதுதான். ஆப்பு தளர்ந்த பாரத்தைச் செங்குத்தாக நிறுத்தித் தொட்டால் அப்படித்தான் ஆகும்.

எரிச்சது 7, 47, 48, 49-ஆம் இதழ்கள். வழக்கு 13, 23-ஆம் இதழ்கள் மேல. இது என்ன குழப்பம்?

இரண்டும் வெவ்வேறு நடவடிக்கை. 1734-ல் இரண்டு முறை, குற்றஞ்சாட்டலாமா என்று முதலில் முடிவு செய்யும் பெரு ஜூரியிடம் போனார்கள், இரண்டு முறையும் குற்றஞ்சாட்ட ஜூரி மறுத்தது. பிறகு ஆளுநரின் ஆலோசனைக் குழு அந்த நான்கு இதழ்களைப் பொது இடத்தில் எரிக்க உத்தரவிட்டது. நகர நிர்வாகம் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. நவம்பர் 6-ல் ஷெரீஃப் தன் கறுப்பின அடிமையை வைத்து எரிக்கவைத்தார்.

வழக்கில் அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் பிராட்லி வேறு இரண்டு இதழ்களை எடுத்துக்கொண்டார். மக்கள் தங்கள் உரிமையும் சொத்தும் நிலையற்றிருப்பதாகக் கருதுகிறார்கள் என்று ஒன்றில் இருந்தது. நீதிபதிகள் தன்னிச்சையாக நீக்கப்படுகிறார்கள், சட்டமன்றத்தின் சம்மதமின்றி நீதிமன்றங்கள் உருவாக்கப்படுகின்றன என்று மற்றதில் இருந்தது. பெரு ஜூரியைக் கேட்காமலே குற்றம் சாட்டும் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற வழியைப் பயன்படுத்தினார். சட்டப்படி அது முடியும், ஊரார் வெறுத்த வழி.

ஜாமீன் கிடைச்சும் ஏன் எட்டரை மாசம் உள்ளே இருந்தார்?

1734 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை கைது. ஜாமீன் தொகை 400 பவுண்டு, கூடவே இரண்டு பேர் தலைக்கு 200 பவுண்டு பிணை. தொழில் கருவிகளும் உடுத்த துணியும் போக, தன்னிடம் 40 பவுண்டு மதிப்புக்கூட இல்லை என்று ஜெங்கர் சத்தியம் செய்தார். அரசாங்க அச்சாளரான பிராட்ஃபோர்டின் ஆண்டுச் சம்பளமே 50 பவுண்டு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலெக்சாண்டரும் மோரிஸும் வசதியானவர்கள், அவர்கள் கட்டியிருக்கலாமே என்று கேட்பார்கள். கட்டவில்லை. சிறையில் இருக்கும் அச்சாளர் அவர்கள் தரப்புக்கு அனுதாபம் சேர்த்தார் என்பது உண்மை. கடனும் பிள்ளைகளும் உள்ள ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அது 37 வாரச் சுமை என்பதும் உண்மை.

அவர் சிறையில இருக்கும்போது பத்திரிகை எப்படி வந்துச்சு?

கைதுக்கு மறுநாள், நவம்பர் 18 இதழ் மட்டும் வரவில்லை. 25-ஆம் தேதியிலிருந்து திங்கள் தவறாமல் வந்தது. சிறைக்கதவில் இருந்த துவாரம் வழியாக மனைவியோடும் வேலையாட்களோடும் பேசிப் பத்திரிகையைத் தொடர்வதாக ஜெங்கர் அந்த இதழில் வாசகர்களுக்குத் தெரிவித்தார்.

துவாரம் வழியாக எதைச் சொல்ல முடியும்? என்ன போடலாம், எந்தப் பக்கத்தில், யாரிடம் காகிதம் கடன் வாங்கலாம், இவ்வளவுதான். மேலே சொன்ன வாரச் சுழற்சி முழுவதும், பிரிப்பது, கோர்ப்பது, நனைப்பது, இழுப்பது, உலர்த்துவது, விற்பது, எல்லாம் அன்னாவின் பொறுப்பில் நடந்தது. ஒரு வாரம் பாரம் பிரிக்காமல் விட்டிருந்தால் அடுத்த வாரம் எழுத்து இருந்திருக்காது. தாளில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்த எட்டரை மாதப் பத்திரிகை அவர் நடத்தியது. வழக்கை விளக்கும் பாடப்புத்தகங்கள் இதை ஒற்றை வரியில் கடந்துபோவது பெரிய அநியாயம்.

‘ஆமா, இவர்தான் அச்சடிச்சார்’னு அவர் வக்கீலே ஒத்துக்கிட்டாரே, அப்புறம் எப்படி விடுதலை?

முதலில் பின்னணி. அலெக்சாண்டரும் ஸ்மித்தும் நீதிபதிகளின் நியமனமே செல்லாது என்று வாதிட, 1735 ஏப்ரலில் டி லான்சி இருவரின் வழக்கறிஞர் உரிமையையும் பறித்தார். நீதிமன்றம் ஜான் சேம்பர்ஸ் என்பவரை நியமித்தது. ஆகஸ்ட் 4 விசாரணையன்று, பிலடெல்பியாவிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹாமில்டன் எழுந்து நின்று, அச்சிட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டார்.

அன்றைய சட்டப்படி ஜூரி முடிவு செய்யவேண்டியது ஒன்றைத்தான்: இவர் வெளியிட்டாரா? அவதூறா இல்லையா என்பது நீதிபதியின் வேலை. எழுதியது உண்மை என்பது தற்காப்பு ஆகாது. உண்மையான குறை மக்களை இன்னும் அதிகமாகக் கொந்தளிக்கவைக்கும் என்பது அவர்கள் தர்க்கம். ஹாமில்டன் குற்றப்பத்திரிகையில் இருந்த ‘பொய்யான’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். பொய் என்று நீங்கள் சொல்கிறீர்கள், உண்மை என்று நாங்கள் நிரூபிக்கிறோம், அனுமதியுங்கள் என்றார். டி லான்சி மறுத்தார். ஹாமில்டன் நேரே ஜூரியிடம் திரும்பி, இந்த ஊர்க்காரர்களான உங்களுக்கே நடந்தது தெரியும், நீங்களே முழுமையாகத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 12 பேரும் வெளியே போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி, குற்றவாளி அல்ல என்றார்கள். ஜெங்கர் மறுநாள் வெளியே வந்தார்.

இந்த ஹாமில்டன்தான் பத்து டாலர் நோட்டுல இருக்கிறவரா?

இல்லை. அவர் அலெக்சாண்டர் ஹாமில்டன், இந்த வழக்கு நடந்தபோது பிறக்கவே இல்லை. ஆண்ட்ரூ ஹாமில்டன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், அப்போது 60 வயதை நெருங்கியவர். கட்டணம் வாங்கவில்லை. நகரம் அவருக்குத் தங்கப் பெட்டியில் வைத்து நகர உரிமை கொடுத்தது. குழப்பம் வரக் காரணம், அலெக்சாண்டர் ஹாமில்டனும் 1804-ல் ஒரு பத்திரிகை அவதூறு வழக்கில் இதே கோட்பாட்டை வாதாடினார்.

அன்னிலிருந்து பத்திரிகைச் சுதந்திரம் வந்துடுச்சு, சரிதானே?

சட்டம் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஜூரி விடுதலை செய்தது ஒரு மனிதரை. அது முன்னுதாரணத் தீர்ப்பு ஆகாது. அவதூறா என்பதை ஜூரியே முடிவு செய்யலாம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1792-ல். உண்மை ஒரு தற்காப்பு என்பதை அமெரிக்காவின் 1798 தேசத்துரோகச் சட்டம் ஏற்றது. அந்தச் சட்டமே பத்திரிகைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பியது என்பது வேறு கதை. நியூயார்க் மாநிலத்தில் 1805-ல்தான் சட்டமானது.

மாறியது நடைமுறை. வழக்குப் போட்டால் ஜூரி விட்டுவிடும் என்ற எண்ணம் ஆளுநர்களுக்கு வந்தது. அதற்கு முக்கியக் காரணம் மறுபடியும் ஓர் அச்சு வேலை. வழக்கறிஞர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் தொகுத்த விசாரணை விவரத்தை 1736-ல் ஜெங்கரே அச்சிட்டு வெளியிட்டார். பிறகு லண்டனிலும் அது பலமுறை அச்சானது. அந்தப் புத்தகம் இல்லையென்றால் ஹாமில்டன் பேசியது அந்த அறையோடு போயிருக்கும்.

தேதியெல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே? 13-ஆம் இதழ் 1733-ன்னும் இருக்கு, 1734-ன்னும் இருக்கு.

இது அச்சுப்பிழை அல்ல. பிரிட்டிஷ் காலனிகளில் அப்போது புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழைய ஆண்டிலேயே சேரும். ஆகவே 13-ஆம் இதழின் ஜனவரி 28 அன்றைய கணக்கில் 1733, இன்றைய கணக்கில் 1734. சரிபார்க்க எளிய வழி உண்டு. பத்திரிகை திங்கள்தோறும் வந்தது. 1733 நவம்பர் 5-லிருந்து 12 வாரம் எண்ணினால் 1734 ஜனவரி 28 வரும். 22 வாரம் எண்ணினால் 23-ஆம் இதழின் ஏப்ரல் 8 வரும். இங்கே தந்திருக்கும் நாள்கள் அன்றைய ஜூலியன் நாட்காட்டிப்படி, ஆண்டு மட்டும் ஜனவரியில் தொடங்குவதாக வைத்து.

கடைசியில அவரே அரசாங்க அச்சாளர் ஆயிட்டாராமே? விலை போயிட்டாரா?

ஆனார் என்பது உண்மை. காஸ்பி 1736 மார்ச்சில் இறந்தார். 1737-ல் நியூயார்க்குக்கும், 1738-ல் நியூ ஜெர்சிக்கும் ஜெங்கர் அரசாங்க அச்சாளரானார். நியூ ஜெர்சிக்கு ஆளுநராக வந்தவர் பழைய நீதிபதி மோரிஸ்தான். விலை போனார் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. மேலே பார்த்தபடி, ஒரு காலனியில் அச்சகம் பிழைக்க அரசாங்க வேலை தவிர வேறு வழி குறைவு. இருபது வயதுகளிலிருந்தே அவர் தேடிய வேலை அது. சட்டப் புத்தகம் அடிப்பதும் பாரம் பூட்டுகிற அதே வேலைதான்.

அவருக்குப் பிறகு அச்சகம் என்னாச்சு?

ஜெங்கர் 1746 ஜூலை 28-ல் இறந்தார். பத்திரிகை நிற்கவில்லை. இந்த முறை தாளின் அடியில் பெயர் வந்தது: விதவை கேத்தரின் ஜெங்கர் அச்சிட்டது. சிறைக்கதவுத் துவாரத்தின் இந்தப் பக்கம் நின்ற அதே அன்னா. 1748 இறுதிவரை அவர் நடத்தி, முதல் தாரத்து மகன் ஜானிடம் ஒப்படைத்தார். 1751-ல் பத்திரிகை நின்றது.